மதிய உணவும் தலைமுறைக் கணக்கும்

சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் படிக்கும் பிள்ளைகளுக்கு உணவு வழங்க 1920 செப்டம்பரில் மாமன்றம் ஒப்புதல் அளித்தது. மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் முன்வைத்த ஏற்பாடு அது. அங்கே படிக்க வேண்டிய பிள்ளைகள் மிக வறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வறுமையே அவர்களைப் பள்ளிக்கு வரவிடாமல் தடுத்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. உணவு வந்ததும் பிள்ளைகளும் வந்தார்கள். திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. இரண்டே ஆண்டுகளில் அப்பள்ளிகளின் சேர்க்கை ஏறக்குறைய இரட்டித்தது. ஆனால் 1925இல் அது நின்றுபோனது. தொடக்கக் கல்விக்கான நிதியைச் சோற்றுக்குச் செலவிடுவதை அன்றைய அரசு ஏற்கவில்லை. திட்டம் பலன் தரவில்லை என்று எவரும் சொல்லவில்லை. எந்தத் தலைப்பின்கீழ் செலவெழுதுவது என்ற கேள்விக்கு விடையில்லாததால் அந்தப் பிள்ளைகளின் சோறு நின்றது.

ஏழைப் பிள்ளைகளுக்காகச் செய்யப்படும் பொதுச் செலவைப் பற்றிய விவாதங்களில் எப்போதும் தொகையே முன்னால் நிற்கிறது. எத்தனை கோடி ஒதுக்கினார்கள், போன ஆண்டைவிட எத்தனை கோடி கூடுதல் என்று கேட்கிறோம். சென்னையில் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாக நீளும் பள்ளி உணவின் வரலாறு வேறொரு அளவுகோலைக் கற்றுத்தருகிறது. இத்தகைய செலவின் பலனைத் தீர்மானிப்பதில் அதன் அளவைக் காட்டிலும் அதன் உறுதிக்கும் தொடர்ச்சிக்குமே பெரும்பங்கு உண்டு. ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம் கிடைத்துப் பின்பு நின்றுபோகும் உதவியும், பள்ளிப் பருவம் முழுதும் தவறாமல் கிடைக்கும் உதவியும் ஒரே வகைச் செலவு என்று கருதக் கூடாது. முன்னது அந்த நேரத்துப் பசியை ஆற்றும். பின்னது வளர்ச்சியையும் படிப்பையும் மாற்றி, அடுத்த தலைமுறையின் உடலிலும் தன் தடத்தைப் பதிக்கும். இதற்கான சான்றுகள் இன்று போதிய அளவில் கிடைக்கின்றன. அவற்றை ஏற்றுக்கொண்டால், இத்தகைய செலவை நாம் கணக்கெழுதும் முறையும் மாறவேண்டியிருக்கும்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். விடுதலைக்குப் பின் 1956இல் எட்டயபுரத்தில் மக்களின் நன்கொடையோடு பகலுணவு தொடங்கியது. முதலமைச்சர் காமராசரும் கல்வித்துறையை நடத்திய நெ.து. சுந்தரவடிவேலுவும் அதை மாநிலம் முழுதும் கொண்டுசென்றார்கள். பின்னர் அரசு நிதியும் சேர்ந்தது. செலவில் ஐந்தில் மூன்று பங்கை அரசும் மீதியை ஊராரும் ஏற்பது ஏற்பாடு. ஊருக்கு ஊர் மக்கள் அரிசியும் காய்கறியும் விறகும் தந்து தங்கள் பள்ளியைத் தாங்களே தாங்கிய அந்த எழுச்சி, தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றின் பெருமைமிக்க பக்கம். ஆயினும் அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பலவீனம் இருந்தது. நன்கொடை தரக்கூடிய ஊரில் அடுப்பு எரிந்தது. மழை பொய்த்த ஊரில், அதாவது பிள்ளைகளுக்குச் சோறு மிகவும் தேவைப்பட்ட ஊரில், நன்கொடையும் வற்றியது. உணவு பெற வேண்டிய ஏழைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டியிருந்தது. 1961 முதல் கேர் அமைப்பின் வழியாக அமெரிக்க உதவி வந்தது. பால் பவுடரும் கோதுமையும் எண்ணெயும் வந்தன. திட்டம் விரிந்தது. ஆனால் அதன் ஒரு கால் ஊராரின் கையிலும் மறுகால் கடல் கடந்தவர்களின் கையிலும் இருந்தது.

1982 ஜூலை 1ஆம் நாள் திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் இந்த அடித்தளத்தை மாற்றியது. முதலில் கிராமப்புறத்தில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் நகர்ப்புறத்துக்கும், 1984இல் பதினைந்து வயது வரைக்கும் விரிந்தது. மாநில வரவு செலவுத் திட்டமே செலவை ஏற்றது. ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று தனி ஊழியர்கள் அமர்த்தப்பட்டார்கள். கணவனை இழந்தவர்களும் ஆதரவற்ற பெண்களும் முன்னுரிமை பெற்றார்கள். ஊர்தோறும் பெண்களுக்கு ஓர் அரசு வேலை உருவானது. பொருளாதார அறிஞர்கள் பலர் அன்று இதை வீண்செலவு என்றார்கள், வாக்குக்கான வலை என்றார்கள். ஆனால் ஆட்சி மாறியபோது திட்டம் கைவிடப்படவில்லை. 1989இல் கருணாநிதி அரசு இரு வாரத்துக்கு ஒரு முட்டையைச் சேர்த்தது. 2010இல் அது வாரத்துக்கு ஐந்து முட்டைகளாக உயர்ந்தது. பின்னர் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாத வகைகள் வந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று மு.க. ஸ்டாலின் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது; மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்றது. எதிரெதிர்க் கட்சிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய இந்த அடுக்கு, இந்திய அரசியலில் அரிதானது.

நாடு தழுவிய அளவில் இந்த உறுதி வருவதற்கு நீதிமன்றம் தேவைப்பட்டது. ஒன்றிய அரசு 1995 ஆகஸ்டு 15இல் தேசியத் திட்டத்தை அறிவித்தபோதும், பெரும்பாலான மாநிலங்கள் சமைத்துப் போடாமல் மாதம் மூன்று கிலோ தானியத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி நிறுத்திக்கொண்டன. அரசுக் கிடங்குகளில் தானியம் நிரம்பி வழிய, வறண்ட மாநிலங்களில் மக்கள் பட்டினி கிடந்த 2001இல், மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. நவம்பர் 28 அன்று பிறந்த இடைக்கால ஆணை, ஆண்டுக்குக் குறைந்தது 200 நாட்கள், 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவை எல்லா அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் வழங்கச் சொன்னது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சட்ட உரிமையாக்கியது. சோற்றுக்குப் பணம் தருபவர் யார் என்ற கேள்விக்கு மாநகராட்சி, ஊரார், அயல்நாட்டு உதவி, மாநில அரசு எனப் பல விடைகளைக் கண்ட வரலாறு, கடைசியில் பிள்ளையின் உரிமை என்ற இடத்தை வந்தடைந்தது. இந்தப் பயணத்தின் ஒவ்வொரு கட்டமும் அந்தச் சோற்றை மேலும் சற்று உறுதியாக்கியது.

உணவு கொடுத்ததால் என்ன விளைந்தது என்பதற்கு இனி வருவோம். பள்ளியில் போட்டால் வீட்டில் குறைத்துவிடுவார்கள், ஆகவே பிள்ளைக்கு நிகர லாபம் இல்லை என்பது பழைய ஐயம். பொருளியலாளர் ஃபர்சானா அஃப்ரிடி மத்தியப் பிரதேசக் கிராமங்களில் இதை நேரடியாக ஆராய்ந்தார். 2010இல் வெளியான அவருடைய முடிவின்படி, பள்ளியில் உண்ட உணவு ஏறக்குறைய முழுவதுமாகப் பிள்ளையின் அன்றாட உணவில் கூடுதலாகவே சேர்ந்தது. புரதக் குறைபாடு முற்றிலும் நீங்கியது, கலோரிக் குறைபாடு சுமார் 30 விழுக்காடும் இரும்புச்சத்துக் குறைபாடு சுமார் 10 விழுக்காடும் தணிந்தன. ஆந்திரத்தில் வறட்சிக்கு ஆளான குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்த அபிஜித் சிங், ஆல்பர்ட் பார்க், ஸ்டெஃபான் டெர்கான் மூவரும், சிறுவயதில் வறட்சியால் குன்றிய உடல்நிலையைப் பள்ளி உணவு பெருமளவு மீட்டெடுத்ததைக் கண்டார்கள். ஊர் காயும்போதும் அடுப்பு அணையக் கூடாது என்பதே இந்த ஆய்வின் சாரம். நன்கொடையை நம்பிய ஏற்பாட்டால் தர முடியாதது இந்த உறுதிதான்.

படிப்பைப் பற்றிய சான்று இன்னும் கூர்மையானது. உச்ச நீதிமன்ற ஆணையை மாநிலங்கள் வெவ்வேறு காலங்களில் நடைமுறைப்படுத்தின. அதனால் ஒரே வயதுப் பிள்ளைகளில் சிலர் ஓராண்டும் சிலர் ஐந்தாண்டும் உணவு பெற்றிருந்தார்கள். இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தித் தனிகா சக்ரவர்த்தியும் ராஜஸ்ரீ ஜெயராமனும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கப் பள்ளிக் காலம் முழுதும், அதாவது ஐந்தாண்டு வரை, உணவு பெற்ற பிள்ளைகள் ஓராண்டுக்கும் குறைவாகப் பெற்றவர்களைவிட வாசிப்பில் 18 விழுக்காடும் கணக்கில் 9 விழுக்காடும் கூடுதல் மதிப்பெண் பெற்றதாகக் காட்டியது. இங்கே கால அளவே எல்லாவற்றையும் சொல்கிறது. பசியில்லாத ஒரு நாள் ஒரு பாடத்தைக் கவனிக்க வைக்கலாம். வாசிப்பு என்ற திறன் அப்படி ஒரு நாளில் வருவதன்று. நாள் தவறாமல் வந்து, எழுத்தைச் சொல்லாக்கி, சொல்லை வரியாக்கிப் பழக வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடரும் உணவு ஆண்டுக்கணக்கில் தொடரும் பயிற்சியைச் சாத்தியமாக்குகிறது. ஓராண்டு முடிவில் தேர்வு வைத்துத் திட்டத்தை எடைபோடும் மதிப்பீட்டாளர், பலன் உருவாகும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

இன்னும் நீண்ட காலத்தைப் பார்க்கும்போது பலனும் பெரிதாகிறது. சுமன் சக்ரவர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, 1993 முதல் 2016 வரையிலான தேசியத் தரவுகளைக் கொண்டு, சிறுமிகளாக இருந்தபோது பள்ளி உணவு உண்டவர்கள் பிற்காலத்தில் பெற்ற பிள்ளைகளின் உயரத்தை அளந்தது. அத்தகைய தாய்மாரின் பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரத்தில் தெளிவாக மேம்பட்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் கூடுதல் ஆண்டுகள் படித்தார்கள், தாமதமாகத் தாய்மை அடைந்தார்கள், குறைவான பிள்ளைகளைப் பெற்றார்கள், மருத்துவமனைப் பேற்றை அதிகம் நாடினார்கள் என்பவை அதன் வழிகள். ஸ்வீடனிலிருந்து வரும் சான்றும் இதையே உறுதிசெய்கிறது. அங்கே 1959 முதல் 1969 வரை நகராட்சிகள் படிப்படியாக எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசச் சத்தான மதிய உணவைக் கொண்டுவந்தன. பள்ளியின் ஒன்பது ஆண்டுகளும் அதை உண்டவர்களின் வாழ்நாள் வருமானம் சுமார் 3 விழுக்காடு கூடியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஏற்றம் இன்னும் அதிகம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும் ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவுத் திட்டமும் வரும் நாட்டில், இருபத்தைந்து ஆண்டு கழித்து இன்னொரு குழந்தையின் உயரமாக வெளிப்படும் வரவை எந்தப் பேரேட்டில் எழுதுவது? எழுத இடமில்லை என்பதாலேயே அந்த வரவு இல்லையென்று ஆகிவிடாது.

தொடர்ச்சி அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் அண்மைக் காலம் காட்டியது. கொரோனா தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடையில் உலர்பொருட்கள் கொடுக்கப்பட்டாலும் வகுப்பறையும் சமைத்த உணவும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இல்லாமற்போயின. கிராமப்புறப் பிள்ளைகளை வீடுவீடாகச் சென்று சோதிக்கும் ஆசர் அறிக்கையின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பங்கு 2018இல் சுமார் 10 விழுக்காடாக இருந்து 2022இல் 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இந்த இழப்பைச் சோற்றின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. ஆசிரியரும் தோழர்களும் பள்ளி என்ற ஒழுங்கும் சேர்ந்தே இல்லாமற்போன காலம் அது. ஆனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கு மாற்று இருந்தது. ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியே எல்லாமாக இருந்தது. பொதுச் செலவின் தொடர்ச்சி யாருக்கு உயிர்நாடி என்பது அந்த மாதங்களில் வெளிப்படையாயிற்று.

இதே ஆசர் எண்கள் எதிர்வாதத்துக்கும் இடம் தருகின்றன. நாற்பதாண்டு சோறு போட்ட மாநிலத்தில், தொற்றுக்கு முன்பே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பத்தில் ஒருவரால்தான் அந்தப் பாடத்தை வாசிக்க முடிந்தது என்றால் திட்டம் எதைச் சாதித்தது என்று கேட்கலாம். மறுக்க முடியாத கேள்வி இது. உணவு பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவருகிறது, கவனிக்கும் தெம்பைத் தருகிறது. கற்பிப்பது ஆசிரியரின் வேலை. தமிழ்நாடு 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்க நேர்ந்ததே இந்தக் குறையை அரசு உணர்ந்ததற்குச் சான்று. ஆனால் இந்த வாதம் உணவுச் செலவைக் குறைக்கச் சொல்லும் வாதமாக முடியாது. வயிறு நிறைந்தும் கற்கவில்லை என்றால் கற்பித்தலைச் சீர்செய்ய வேண்டும். வயிற்றைக் காயவிட்டால் கற்றல் கூடும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அத்தோடு, பள்ளியில் நீடித்தவர்கள் மேலே சென்றதையும் பார்க்க வேண்டும். உயர்கல்விக்கான அகில இந்திய கணக்கெடுப்பின்படி 2021-22இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. இட ஒதுக்கீடு, இலவசப் பேருந்துப் பயணம், விடுதிகள், ஊர்தோறும் பள்ளி எனப் பல காரணங்கள் இதன் பின்னால் உண்டு. அவை எல்லாமே பல பத்தாண்டுகள் விடாமல் தொடர்ந்த பொதுச் செலவுகள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அடுத்த எதிர்வாதம் பொருளாதார நூல்களில் அடிக்கடி வருவது. எல்லோருக்கும் கொடுப்பதால் தேவையில்லாதவர்க்கும் போகிறது. மிக ஏழைகளை அடையாளம் கண்டு அவர்களுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்தால் அதே பணத்தில் பெரும்பலன் கிட்டும் என்பது அது. காகிதத்தில் சரியாகத் தெரியும் இந்த யோசனையை இந்தியா ஒருமுறை முழு அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1997இல் ஒன்றிய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தது. விளைவாக, அட்டை கிடைக்க வேண்டிய ஏழைக் குடும்பங்கள் பெருந்தொகையில் வெளியே நின்றன. செல்வாக்குள்ள பலர் உள்ளே நுழைந்தார்கள். தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லோர்க்கும் பொதுவான ரேஷனைத் தக்கவைத்தது. வகுப்பறையில் இந்தப் பிரிவினை இன்னும் கொடியது. பக்கத்தில் இருப்பவர் பார்க்க, ஏழை என்று முத்திரை குத்தப்பட்டுத் தட்டேந்தி நிற்பதைவிடப் பசியோடு இருப்பதே மேல் என்று ஒரு பிள்ளை நினைக்கக்கூடும். மேலும் அரசுப் பள்ளிகளில் இன்று படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் எளிய குடும்பத்தினரே. வடிகட்டுவதற்குச் செய்யும் செலவும் வடிகட்டும்போது தவறவிடும் பிள்ளைகளும் சேர்ந்தால், மிச்சமாவதாகச் சொல்லப்படும் தொகை கரைந்துவிடும். எல்லோருக்கும் பொதுவான திட்டத்துக்கு இன்னொரு பலமும் உண்டு: ஊரே சேர்ந்து அதைக் காக்கும். ஏழைகளுக்கு மட்டுமான திட்டத்தை வெட்டும்போது கேட்க நாதியிருக்காது.

மூன்றாவது எதிர்வாதம் அரசின் கருவூலத்தைப் பற்றியது. மாநிலங்களின் கடன் கூடிவருகிறது, இலவசங்கள் எதிர்காலத்தை அடகு வைக்கின்றன என்ற விவாதம் 2022இல் நாடெங்கும் சூடுபிடித்தது. கடனைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் எது செலவு, எது முதலீடு என்று பிரிக்கும் கோடே பிழையான இடத்தில் போடப்பட்டிருக்கிறது. அரசுக் கணக்கில் சமையற்கூடம் கட்டினால் அது மூலதனச் செலவு; அதற்குள் சமைக்கும் அரிசியும் முட்டையும் சமைப்பவரின் ஊதியமும் வருவாய்ச் செலவு. பள்ளிக் கட்டடம் சொத்து. ஆசிரியர் ஊதியம் சுமை. தமிழ்நாடு 2003இல் இயற்றிய நிதிநிலைப் பொறுப்புச் சட்டமும் வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்பதையே இலக்காகக் கொண்டது. மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு ஐம்பதாண்டுத் தவணையில் வட்டியின்றித் தரும் கடனும் மூலதனப் பணிகளுக்கே உரியது. இந்த விதிகளை எழுதியவர்கள் பிள்ளைகளுக்கு எதிரிகளல்லர். ஆயினும் விளைவு ஒன்றுதான்: நெருக்கடி வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்கான தொடர் செலவே முதலில் கண்ணில் படுகிறது. முப்பதாண்டில் தேயும் சாலை முதலீடு என்றால், ஐம்பதாண்டு உழைக்கப்போகும் ஒரு மனிதரின் உடலும் படிப்பும் முதலீடு அல்லாமல் வேறென்ன? 1925இல் ஐந்து பள்ளிகளின் உணவை நிறுத்திய அதே தலைப்புச் சிக்கல்தான் நூறாண்டு கழித்தும் பெரிய அளவில் தொடர்கிறது.

இது வாக்குக்காகச் செய்யப்படுவது என்ற குற்றச்சாட்டுக்கு நேர்மையான விடை, ஓரளவு ஆம் என்பதே. தேர்தலில் பலன் இருந்ததால்தான் எல்லாக் கட்சிகளும் இதைத் தொட்டுத் தொடர்ந்தன. ஆனால் மக்களாட்சியில் மக்கள் விரும்புவதை ஆள்வோர் செய்வது குறையன்று. கேட்க வேண்டியது, அந்த அரசியல் ஊக்கம் திட்டத்தை ஆழப்படுத்துகிறதா அல்லது பெயர்ப்பலகையோடு நிறுத்திவிடுகிறதா என்பதுதான். இதில் தமிழ்நாட்டுக்கும் கணக்குத் தீர்க்க வேண்டியவை உள்ளன. புதிய திட்டத்துக்குத் தொடக்க விழாவும் விளம்பரமும் கிடைக்கின்றன. பழைய திட்டத்தின் காலிப் பணியிடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றன. சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் பல பத்தாண்டுகளாகப் போராடிவருகிறார்கள். 2024 இறுதியில் 8,997 சமையல் உதவியாளர்களை அமர்த்த அரசு முடிவெடுத்தபோது நிர்ணயித்தது மாதம் 3,000 ரூபாய்த் தொகுப்பூதியம். ஒன்றிய அரசின் விதிமுறை இதைவிட மோசம்: சமையல் பணியாளருக்கு ஆண்டில் பத்து மாதங்கள், மாதம் 1,000 ரூபாய் என்று 2009இல் வைத்த கணக்கு இன்னும் உயரவில்லை. பிள்ளையின் உரிமையை ஏழைப் பெண்ணின் மலிவான உழைப்பின் மேல் கட்டியெழுப்பும் அரசு, ஒரு வறுமையைத் தீர்க்க இன்னொரு வறுமையைப் பயன்படுத்துகிறது. மலிவைத் தேடுவதன் விலை இதைவிடக் கொடியதாகவும் இருந்திருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறைக் கூரையில் பற்றிய தீ 94 பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. உறுதியான கட்டடமும் பயிற்சி பெற்ற ஊழியரும் திட்டத்தின் மேற்செலவல்ல, அவை திட்டமேதான்.

புறக்கணிக்கப்பட்ட சமூகங்களின் பக்கமிருந்து பார்த்தால் இந்தச் சோற்றின் பொருள் சத்தைத் தாண்டிச் செல்கிறது. 1920களின் நடுவில், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் உணவு நின்ற அதே காலத்தில், சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் தனியே உண்பதை எதிர்த்து பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் பெரும் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் சேர்ந்து உண்பதே ஓர் அரசியல் கேள்வியாக இருந்த நாட்டில், எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் அமர்த்திப் பரிமாறியது ஒரு சமூகச் செயல். உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் சமையல் பணிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொன்னபோது அந்தச் செயல் சமையலறைக்குள்ளும் நுழைந்தது. எதிர்ப்பும் கிளம்பியது. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் சமைக்கக் கூடாதென ஆதிக்கச் சாதிப் பெற்றோர் எதிர்த்தார்கள்; அவரை மாற்றிய அதிகாரிகள், போராட்டத்துக்குப் பின் திரும்ப அமர்த்தினார்கள். சாதி இத்தனை ஆழமாக இருக்கும்போது சோறு போட்டு என்ன மாறியது என்று இதைக் காட்டிக் கேட்பவர் உண்டு. உண்மையில் இந்த மோதல்கள், திட்டம் சாதியின் நரம்பைத் தொட்டிருப்பதைக் காட்டுகின்றன. பணத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் இந்தச் சிக்கலே வராது. சாதியும் அப்படியே இருக்கும். பொது அடுப்பைக் காப்பதற்கு அரசு காட்டும் உறுதியும், மறுப்பவர்மேல் எடுக்கும் சட்ட நடவடிக்கையும் இம்முதலீட்டின் பிரிக்க முடியாத பகுதி.

பொதுவான திட்டம் எல்லோரையும் தானாகச் சென்றடையும் என்று நினைப்பதும் தவறு. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு செல்லும் இருளர் பிள்ளை ஊர்ப் பள்ளிப் பதிவேட்டில் பெயராக மட்டும் இருக்கிறது. சூளை இருக்கும் ஊரின் பள்ளியிலோ பெயரும் இல்லை. வடமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளியின் பிள்ளைக்கு மொழியும் தடை. மலைக் கிராமத்தில் பள்ளியே தொலைவில் இருக்கும்போது அதன் மதிய உணவு கைக்கெட்டாத சோறுதான். இவர்களுக்குப் பொதுத் திட்டத்தின் மேல் கூடுதல் முதலீடு தேவை: பெயர்ச்சியோடு கூடவே மாறும் சேர்க்கை, பருவகால விடுதி, தாய்மொழியறிந்த ஆசிரியர். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கென ஒதுக்கிய துணைத்திட்ட நிதி செலவிடப்படாமல் திரும்புவதும் வேறு பணிகளுக்குத் திருப்பப்படுவதும் நெடுநாள் குறை. ஆந்திரமும் கர்நாடகமும் 2013இலும் தமிழ்நாடு 2024இலும் அந்நிதியைச் சட்டத்தால் காக்க முன்வந்தன. ஒதுக்கீட்டுக்குச் சட்ட உறுதி தருவது மதிய உணவின் வரலாறு காட்டிய அதே வழி. சட்டம் இயற்றியதோடு நில்லாமல், ஆண்டுதோறும் எந்த ஊரின் எந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதைச் சட்டமன்றத்தின் முன் வைப்பது அடுத்த தேவை.

இன்னொரு இடைவெளியும் உண்டு. பள்ளி உணவு தொடங்கும் வயதுக்குள் மூளை வளர்ச்சியின் மிக விரைவான காலம் கடந்துவிடுகிறது. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். தேசியச் சராசரி 35.5 என்பதால் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இரத்தசோகை உள்ள குழந்தைகளின் பங்கு முந்தைய கணக்கெடுப்பின் 50.7 விழுக்காட்டிலிருந்து 57.4 ஆகக் கூடியிருக்கிறது. சத்துணவுக்கு முன்பே, 1980இல் உலக வங்கி உதவியோடு மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபார்த்து, எடை ஏறாதவர்களுக்குக் கூடுதல் உணவும் தாய்க்கு ஆலோசனையும் தந்தது. கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகத் தணிந்தது. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. அந்த வயதுக் குழந்தைகள் எவர் கண்ணிலும் படும்படி ஓரிடத்தில் கூடுவதில்லை, வீடுவீடாகப் போகப் போதிய ஊழியர் இல்லை என்பதால் அந்தப் பணி பின்தங்கியது. பள்ளி உணவுக்குக் கிடைத்த உறுதி அங்கன்வாடிக்கும் கிடைத்தாக வேண்டும்.

இவற்றிலிருந்து பெறும் முடிவுகள் நடைமுறைக்கு எட்டாதவையல்ல. பிள்ளைகளுக்கான செலவை ஆண்டுக் கணக்கோடு சேர்த்துத் தலைமுறைக் கணக்காகவும் அரசு வெளியிட வேண்டும். வருவாய்ச் செலவு என்ற ஒரே பெட்டிக்குள் ஓய்வூதியத்தையும் ஐந்து வயதுப் பிள்ளையின் முட்டையையும் ஒன்றாகப் போட்டு வெட்டுக்கு உள்ளாக்கும் நிதி விதிகள் திருத்தப்பட வேண்டும். உணவுப் பொருளுக்கான ஒன்றியப் பங்கு விலைவாசியோடு தானே உயர வேண்டும். 2025இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 6 ரூபாய் 78 காசு என்று நிர்ணயித்த தொகைக்குள் பருப்பும் காய்கறியும் எண்ணெயும் எரிபொருளும் அடங்குவது கடினம். ஊழியர்க்கு முறையான ஊதியமும் பள்ளிதோறும் பாதுகாப்பான சமையற்கூடமும் வேண்டும். மதிப்பீடுகள் ஓராண்டில் முடியாமல் அதே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும். காலை உணவுத் திட்டத்துக்கு இப்போதே அத்தகைய ஆய்வைத் தொடங்கினால், 2040களில் வாதிடுபவர்கள் நம்மைப்போல் பிற மாநிலத்து, பிற நாட்டுச் சான்றுகளைத் தேடி அலைய வேண்டியிருக்காது. ஏழைப் பிள்ளைக்கு வாய்ப்பளிப்பது ஆள்வோரின் இரக்கத்தைப் பொறுத்திருக்கும் வரை அது எந்த ஆண்டும் நின்றுபோகலாம். எவர் ஆண்டாலும், மழை பெய்தாலும் பொய்த்தாலும், நிதி நெருக்கடி வந்தாலும் நிற்காது என்ற உறுதியை அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தரும்போதுதான், அவர்கள் தங்கள் எதிர்காலத்தை அதை நம்பித் திட்டமிட முடியும். பெண்ணைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைக்கலாம், பையனை வேலைக்கு அனுப்பாமல் பொறுக்கலாம் என்று ஒரு கூலிக் குடும்பம் முடிவெடுப்பது அந்த நம்பிக்கையின் மேல்தான். அந்த முடிவுகளை எடுக்கும் துணிவைக் கோடிக்கணக்கான குடும்பங்களுக்குத் தருவதைவிட உயர்ந்த வட்டி தரும் முதலீடு எந்த அரசிடமும் இல்லை.